வேலையை விட்டுட்டு பி.டி. சேரலாமா? மெக்கானிக்கல் படிச்ச ஒரு தம்பிக்குப் பதில்

திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். வயசு 28, மெக்கானிக்கல் முடிச்சிட்டு ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனில குவாலிட்டி செக்ஷன்ல இருக்கார், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில வாலிபர் கூட்டம் நடத்துறார், இப்ப முழுநேர ஊழியத்துக்கு வரணும்னு மனசுல பாரம். கேட்டிருக்கிறது மூணு விஷயம். ஆன்லைன்ல எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) முடிச்சா போதுமா இல்ல காலேஜ்ல போய் உக்காந்து பி.டி. (பேச்சுலர் ஆஃப் டிவினிட்டி) தான் படிக்கணுமா, தமிழ் மீடியத்துல படிச்ச எனக்கு பைபிளோட மூல மொழிகளான கிரேக்கும் எபிரேயமும் ஏறுமா, வேலையை எப்ப விடுறது.

தம்பி, ஸ்தோத்திரம். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி நீங்க உங்க சேகர குருவானவர்ட்ட போய் உக்காந்து ஒரு கேள்வி கேக்கணும், "ஐயா, நம்ம திருமண்டலத்துல குருத்துவத்துக்கு எந்த டிகிரியை ஏத்துக்கிறாங்க"ன்னு (திருமண்டலம்னா ஒரு பிஷப்புக்குக் கீழ வர்ற சபைகள், குருத்துவம்னா குருவானவர் பட்டம்). ஏன்னா படிப்பு நல்லதா இல்லையாங்கிறது ஒரு கேள்வி, அதை உங்க சபை ஏத்துக்குமாங்கிறது வேற கேள்வி, நிறைய பேர் முதல் கேள்வியை மட்டும் கேட்டுட்டு ஃபீஸ் கட்டிடுறாங்க.

சி.எஸ்.ஐ., லுத்தரன் மாதிரி சபைகள்ல காலங்காலமா எதிர்பாக்கிறது சேராம்பூர் காலேஜோட செனட், அதாவது இறையியல் டிகிரி குடுக்கிற குழு, குடுக்கிற பி.டி. சேராம்பூர் கல்கத்தாவுக்குப் பக்கத்துல ஹூக்ளி ஆத்தங்கரையில இருக்கு, கேரி, மார்ஷ்மேன், வார்டுன்னு மூணு மிஷனரிகள் 1818-ல அங்க காலேஜ் ஆரம்பிச்சாங்க. நம்ம தரங்கம்பாடி மாதிரியே அந்த ஊரும் அப்ப டென்மார்க்காரங்க கையில இருந்ததால டென்மார்க் ராஜாகிட்ட இருந்தே 1827-ல டிகிரி குடுக்கிற உரிமை வாங்கிட்டாங்க, அப்புறம் 1918-ல வங்காளத்துல தனிச் சட்டமே போட்டு அதை உறுதிப்படுத்தினாங்க. இன்னிக்கு மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல், பெங்களூர் யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ் இதுல எங்க படிச்சாலும் டிகிரி வர்றது சேராம்பூர் செனட்ல இருந்துதான்.

எம்.டிவ். குடுக்கிற காலேஜ்கள் பலது ஏ.டி.ஏ. அங்கீகாரம் வாங்கினது. ஆசியாவுல இருக்கிற சுவிசேஷ இறையியல் கல்லூரிகள் சேர்ந்து வச்சிருக்கிற தர அமைப்பு அது, அரசாங்க அங்கீகாரம் கிடையாது. அங்கயும் அருமையா சொல்லிக்குடுக்கிற இடங்கள் இருக்கு, சுயாதீன சபையில ஊழியம் பண்ணப் போறவருக்கு அது போதும். ஆனா நீங்க திருமண்டலத்துல குருவானவரா வரணும்னா ஆன்லைன் எம்.டிவ்.ல பணம் போடுறதுக்கு முன்னாடி அவங்க ஏத்துக்குவாங்கன்னு எழுத்துல வாங்கிக்கோங்க, வாய்வார்த்தை வேண்டாம்.

பேச்சுலர்னு பேர் இருக்கேன்னு பி.டி.யைக் குறைவா நினைக்காதீங்க. ஒரு டிகிரி முடிச்சிட்டு வர்றவங்களுக்கே பொதுவா நாலு வருஷம். அமெரிக்காவுல இதே படிப்புக்குத்தான் பேரை மாத்தி எம்.டிவ். ஆக்கினாங்க. எம்.டி.ஹெச். (மாஸ்டர் ஆஃப் தியாலஜி) இதுக்கு மேல உள்ளது, அது பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபைச் சரித்திரம்னு ஒரே துறையில, அதை இப்ப யோசிக்க வேண்டாம்.

மொழி விஷயத்துக்கு வர்றேன், நீங்க பயந்திருக்கிறது இதுலதான். கிரேக்குல வாங்கிற அடி பெரும்பாலும் இங்கிலீஷ் வழியா படிக்கிறதால வர்ற அடி. இங்கிலீஷ்ல பெயர்ச்சொல் அப்படியே நிக்கும், எது எழுவாய் எது செயப்படுபொருள்னு இடத்தை வச்சுத்தான் தெரியும். கிரேக்குல லோகோஸ்னா வார்த்தை, லோகூன்னா வார்த்தையின், லோகோன்னு நீட்டினா வார்த்தைக்கு, லோகோன்ல ன் வந்தா வார்த்தையை. இதைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது? ஆறாங்கிளாஸ்ல படிச்ச வேற்றுமை உருபுதானே, ஐ, கு, இன்னு. கடைசி எழுத்து மாறினா அர்த்தம் மாறும்ங்கிறது நமக்குப் பிறந்ததுல இருந்து தெரியும், அதனால கிரேக்கு படிக்கிறப்ப பக்கத்துலயே தமிழ் உருபை எழுதி வச்சுப் படிங்க.

தமிழ் இன்னொரு வேலையும் பண்ணும். மாற்கு 4:38-ல படகு முழுகப் போகுது, சீஷர்கள் கர்த்தரை எழுப்பி அலறுறாங்க. கிரேக்குல இருக்கிறது அப்பொல்லுமெதான்னு ஒரே வினைச்சொல், அழிஞ்சு போறோம், அவ்வளவுதான். நாம் அழிஞ்சு போறோமா, நாங்கள் அழிஞ்சு போறோமா? கிரேக்குல அந்த வித்தியாசமே இல்ல, இங்கிலீஷ்லயும் இல்ல. தமிழ்ல மொழிபெயர்த்தவர் ஒண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆகணும், நம்ம பைபிள்ல "நாங்கள்"னு இருக்கு. அதாவது அதே படகுல படுத்திருக்கிற இயேசுவைச் சேர்க்காம எங்க உயிர் போகுதேன்னு கத்துறாங்க. அந்த ஒரு சொல்லுக்குள்ள எவ்வளவு இறையியல் இருக்கு பாருங்க. தமிழ் மீடியம் உங்களுக்குக் குறை இல்ல தம்பி.

எபிரேயம் வேற மாதிரி. வலமிருந்து இடம் எழுதுறது, 22 எழுத்து, மூணு மெய்யெழுத்து வேர்ல இருந்து சொல் கிளைச்சு வரும், மெலெக்னா ராஜா, மல்கான்னா ராணி, ரெண்டுலயும் ம, ல, க. முதல் மாசம் கண்ணு வலிக்கும், தினமும் அரைமணி நேரம் போட்டா பழகிடும். பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் உக்காந்தா ரெண்டு மொழியும் வராது.

ஆனா இங்கிலீஷை விட்டுடாதீங்க. அரசரடியில பி.டி.யைத் தமிழ்லயே படிக்கலாம், அது பெரிய கொடுப்பினை, அப்படி இருந்தும் லைப்ரரியில விளக்கவுரைகள் பெரும்பாலும் இங்கிலீஷ்தான். பேசத் தெரியலன்னா பரவாயில்ல, பத்துப் பக்கம் வாசிச்சு இவர் என்ன வாதம் வைக்கிறார்னு தமிழ்ல நாலு வரி எழுதத் தெரியணும்.

எழுத்து விஷயத்துல என் அனுபவம் ஒண்ணு. நான் சேர்ந்த வருஷம் குடுத்த முதல் பேப்பரை ரொம்ப ஜெபத்தோட எழுதினேன், திரும்பி வந்தப்ப மேல சிவப்பு மையில "இது நல்ல பிரசங்கம், பேப்பர் எங்க?"ன்னு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி தூங்கல. அப்புறம்தான் புரிஞ்சுது, பிரசங்கத்துல நான் நம்புறதைச் சொல்றேன், பேப்பர்ல இந்த வசனம் ஏன் இப்படித்தான் அர்த்தம் ஆகுதுன்னு காரணம் காட்டணும், எனக்கு ஒத்துவராத விளக்கத்தையும் நேர்மையா எடுத்துச் சொல்லணும், யார்கிட்ட இருந்து எடுத்தேனோ அடிக்குறிப்புல பக்க எண்ணோட குடுக்கணும். இன்டர்நெட்ல எடுத்து ஒட்டுறதைக் காலேஜ்கள் ரொம்ப கண்டிப்பா பாக்குறாங்க. சபையில அடுத்தவர் பிரசங்கத்தைப் பேர் சொல்லாம சொல்லிப் பழகினவங்கதான் இதுல மாட்டுறாங்க, அதனால இப்பவே வாலிபர் கூட்டக் குறிப்புல எங்க படிச்சதுன்னு எழுதிப் பழகுங்க.

வேலையை இப்ப விடாதீங்க. வகுப்பு பொதுவா ஜூன்ல தொடங்கும், அதுக்கு முன்னாடியே நுழைவுத் தேர்வு, நேர்காணல், சபையோட சிபாரிசுக் கடிதம், மெடிக்கல் சர்டிஃபிகேட்னு வரிசையா இருக்கும். சேர்க்கைக் கடிதம் கையில வந்தப்புறம் ரிசைன் பண்ணுங்க, உங்க நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்னு இன்னிக்கே பாத்து வச்சுக்கோங்க. திருமண்டலம் உங்களை அனுப்புதுன்னா செலவுல எவ்வளவு அவங்க ஏத்துக்கிறாங்க, முடிச்சப்புறம் எத்தனை வருஷம் அவங்ககிட்ட ஊழியம் பண்ணணும்னு கேளுங்க. சொந்தமா போறதா இருந்தா ஃபீஸ், மெஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து நாலு வருஷக் கணக்குப் போட்டு வீட்ல காட்டுங்க. கல்யாணம் பேசிட்டிருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க, அப்ப அந்தக் காலேஜ்ல குடும்பத்தோட தங்க குவார்ட்டர்ஸ் இருக்கான்னு ப்ராஸ்பெக்டஸ்லயே பாத்துருங்க, வருகைப் பதிவு எவ்வளவு வேணும், அரியர் விழுந்தா என்ன விதிங்கிறதும் அதுலயே இருக்கும். ஞாயித்துக்கிழமைகள்ல பக்கத்துச் சபைகளுக்குக் களப்பணிக்கு அனுப்புவாங்க, அதனால பார்ட்-டைம் வேலை பாத்துச் சமாளிச்சிடலாம்ங்கிற கணக்கு வேண்டாம்.

இந்த மாசத்துக்கு ஒரு வேலை தர்றேன். ஒரு சனிக்கிழமை மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரத்தையும் ஒரே மூச்சுல தமிழ்ல வாசிங்க, ரெண்டு மணி நேரம் கூட ஆகாது, அடுத்த சனிக்கிழமை இங்கிலீஷ்ல. ரெண்டுலயும் அர்த்தம் வித்தியாசமாத் தெரியிற இடங்களை மட்டும் ஒரு நோட்ல குறிச்சு வச்சு, அந்த நோட்டோட குருவானவரைப் போய்ப் பாருங்க.