போயும் போயும் ஜல்லியா?

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ. முடித்தவன். ரயில்வே லைன் பராமரிப்பில் ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. இந்த மாதம் கூடூர் பக்கம், அடுத்த மாதம் அரக்கோணம், அப்புறம் ஜோலார்பேட்டை என்று ஊர் ஊராகப் போக வேண்டுமாம். படித்த பிள்ளை போயும் போயும் ஜல்லி அள்ளப் போகலாமா?
- ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: 'போயும் போயும் ஜல்லி' என்று எழுதிவிட்டீர்களே அம்மா, முதலில் அதைப் பேசிவிடுவோம், பிள்ளை விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் இருப்பது கொருக்குப்பேட்டை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், வடக்கே போகிற எக்ஸ்பிரஸ், துறைமுகத்துச் சரக்கு வண்டி என்று எல்லாம் உங்கள் வீட்டுப் பாத்திரங்களை ஆட்டிவிட்டுத்தான் போகின்றன. அத்தனை கனத்தையும் வாங்கி மண்ணில் பரப்பி விடுவது அந்த ஜல்லிதான். கால் டன்னுக்கு மேல் எடையுள்ள கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டையை நகராமல் பிடிப்பதும், கார்த்திகை மழையில் தண்ணீரை வடியவிடுவதும் அதுவேதான். கத்திரி வெயிலில் தண்டவாளம் காற்றைவிட இருபது டிகிரி வரை கூடுதலாகக் கொதிக்கும். இப்போது இருப்பவை நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்கள், விரிவதற்கு இடம் கிடையாது. பக்கவாட்டில் ஜல்லி குறைந்த இடத்தில் பாம்பு மாதிரி நெளிந்துவிடும், மேலே வருகிற வண்டி கவிழும். அதனால் சூடு வரம்பைத் தாண்டினால் ஜல்லியைக் கிளறவே கூடாது என்று விதி இருக்கிறது. வேலையில் ஒரு பகுதி ராத்திரியிலும் விடிகாலையிலும் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைச் சொல்லும்போது என் பழைய சண்டை ஞாபகம் வந்துவிடுகிறது. 'பராமரிப்புப் பணி, மின்சார ரயில்கள் ரத்து' என்று அறிவிப்பு வந்த வாரமெல்லாம் இந்தப் பக்கத்துக்குத் திட்டுக் கடிதம் வரும். எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பேசின் பிரிட்ஜிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் தண்டவாளத்தைக் குப்பைத்தொட்டியாக நினைக்கிற ஊர்க்காரர்கள். நம் வீட்டு பிளாஸ்டிக் பையும் குழந்தையின் டயப்பரும் ஜல்லிக்குள் போய் அடைத்தால் தண்ணீர் வடியாது, மண் சேறாகும், லைன் இறங்கும். அப்புறம் அதைச் சரிசெய்ய யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை கையுறைகூட இல்லாமல் நடுராத்திரியில் தோண்ட வேண்டும். ரயில் ரத்தானதற்குக் கோபப்படுகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டுப் பின்சுவரைத் தாண்டி என்ன விழுகிறது என்று பார்க்கட்டும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன் கதையும் அப்படித்தான். 1856 ஜூன் 28-ல் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார், வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் போனது என்று வருஷா வருஷம் எழுதுகிறோம். ராயபுரத்தை முனையம் ஆக்குங்கள் என்று நானும் தொண்டை வற்றக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இனியும் கேட்பேன். ஆனால் வாலாஜா வரைக்கும் மண் வெட்டிக் கொட்டிக் கல் பரப்பியவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? கவர்னர் பெயர் மட்டும் தெரிகிறது. அந்தப் பழக்கம்தான் 'போயும் போயும்' என்று உங்கள் கேள்வி வரைக்கும் வந்திருக்கிறது.

சரி, பிள்ளை விஷயம். வேலை கேவலம் என்று தடுக்காதீர்கள். ஆனால் ஆபத்தான வேலை, அதனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். வேலை நடக்கும் இடத்தில் கொடியும் விசிலுமாக வண்டி வருகிறதா என்று பார்க்க மட்டுமே ஒரு ஆள் நிற்கிறாரா? அவர் கையிலும் மண்வெட்டியைக் கொடுத்துவிடுகிற இடம் என்றால் அன்றைக்கே திரும்பி வரச் சொல்லுங்கள். ஒரு லைனில் வண்டி வருகிறதென்று பக்கத்து லைனுக்கு ஒதுங்குகிறார்கள், முதல் வண்டியின் இரைச்சலில் அந்தப் பக்கம் வருவது காதில் விழுவதில்லை. தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்கள் இப்படித்தான் செத்திருக்கிறார்கள். தங்க இடம் எங்கே, குடிதண்ணீர் யார் கொடுப்பார்கள், பி.எஃப். பிடிக்கிறார்களா என்பதையும் வெட்கப்படாமல் கேட்கலாம்.

ஊர் ஊராகப் போகிற வேலையில் ஏமாற்றுவதும் சுலபம். ஒரு இடத்தில் வேலை முடிந்ததும் மேஸ்திரி போன் எடுக்கமாட்டார், சம்பளம் பாக்கி நிற்கும். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த மூல நிறுவனமே தர வேண்டும் என்பது 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே வந்துவிட்டது. இங்கே மூல நிறுவனம் ரயில்வே. அதைக் கேட்டு வாங்க, வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும். எந்த ஊர், எந்த தேதி, யார் மேற்பார்வை என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கூடவே ரயில்வேயின் நிரந்தர லைன் பராமரிப்பு வேலைக்கும் விண்ணப்பம் போடட்டும். அதற்கான உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 35 கிலோ சுமையைக் கீழே வைக்காமல் 2 நிமிஷத்தில் 100 மீட்டர் தூக்கிப் போக வேண்டும், 1,000 மீட்டரை 4 நிமிஷம் 15 விநாடியில் ஓட வேண்டும். ஆறு மாதம் ஜல்லி அள்ளியவனுக்கு சுமை ஒரு பொருட்டே இல்லை. ஓட்டத்துக்குத்தான் இப்போதே பழக வேண்டும்.