பாலைவனத்தில் கைவிடப்பட்ட சுரங்க ஆலைகளைப் படம் எடுக்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் ஹம்பர்ஸ்டோன், சாந்தா லாரா என்று இரண்டு வெடியுப்பு ஆலைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே மூன்று நாள் படம் எடுத்தேன். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்த இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியவை. இக்கிக்கே துறைமுகத்திலிருந்து கிழக்கே சுமார் 45 கி.மீ. 'காலிச்சே' என்ற உப்புப் பாறையை வெடிவைத்துப் பெயர்த்து, நொறுக்கி, கொதிநீரில் கரைத்து ஆறவிட்டால் சோடியம் நைட்ரேட் என்ற வெடியுப்பு படியும். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் உலகமே இதை வாங்கியது. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்து உரத்துக்குப் பயன்படுத்தும் முறை 1913-இல் ஜெர்மனியில் ஆலை அளவுக்கு வந்ததும் இந்தத் தொழில் ஆட்டம் கண்டது. 1960-இல் ஹம்பர்ஸ்டோன் மொத்தமாகக் காலியானது.

முதல் நாள் முழுக்கப் புகைபோக்கி, ராட்சதப் பல்சக்கரம், துருப்பிடித்த தொட்டி என்று பெரிய பெரிய பொருள்களாகவே எடுத்தேன். ராத்திரி லேப்டாப்பில் பார்த்தால் அத்தனையும் அஞ்சலட்டைப் படங்கள். அங்கே ஆள் வாழ்ந்த அடையாளமே எதிலும் இல்லை.

மறுநாள் கம்பெனிக் கடைக்குள் போனேன். ஒரு காலத்தில் வெடியுப்பு ஆலைகளில் தொழிலாளிகளுக்குப் பணத்துக்குப் பதில் டோக்கன்தான் கூலி. அது அந்தந்த ஆலையின் கடையில் மட்டும்தான் செல்லும். சாமான் கொடுத்த மரமேசையின் விளிம்பு ஒரே இடத்தில் தேய்ந்து, உள்வாங்கி வளைந்திருந்தது. விரல் பட்டுப் பட்டு மெருகேறிய மரம்; அதில் ஆணித்தலைகள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன. 50 எம்எம் லென்ஸ், ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான். மூன்று நாளில் நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான். இந்த டோக்கன் முறையை ஒழிக்கக் கேட்டும்தான் 1907-இல் வெடியுப்புத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து இக்கிக்கேவுக்கு இறங்கிப் போனார்கள். டிசம்பர் 21 அன்று சாந்தா மரியா பள்ளியில் குடும்பத்தோடு கூடியிருந்தவர்கள் மேல் ராணுவம் சுட்டது. அதைப் படித்திருந்ததால் அந்த மேசை எனக்கு வெறும் பழைய மரமாகத் தெரியவில்லை.

வெளிச்சம் பற்றி: காலையும் மாலையும் நல்லது என்பார்கள். வெளியே எடுக்க அது சரி. சாந்தா லாராவின் தகரக் கொட்டகைக்குள் உச்சி வெயில்தான் வேண்டும். ஆணி விழுந்த ஓட்டை, கிழிந்த தகரம் வழியாக இறங்கும் வெயில் புழுதியில் கம்பி கம்பியாக நிற்கும். ட்ரைபாட் இல்லாமல் போகாதீர்கள்.

புழுதிதான் பெரிய பகை. இரண்டாம் நாள் பிற்பகல் காற்றில், வெட்டவெளியில் நின்று லென்ஸ் மாற்றினேன். அதன்பின் எடுத்த வானம் எல்லாவற்றிலும் கரும்புள்ளி. இப்போதெல்லாம் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்துதான் மாற்றுகிறேன்.

இன்னொன்று, அங்கிருந்து எந்தப் பொருளையும் எடுத்துப் போகாதீர்கள், இடம் மாற்றியும் வைக்காதீர்கள். ஆலை மூடிய பிறகு மரமும் தகரமும் களவு போய்க்கொண்டே இருந்தன. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதே 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலிலும் சேர்த்தார்கள். 2019-இல்தான் அதிலிருந்து நீக்கினார்கள். ஒருவர் எங்கிருந்தோ ஒரு பழைய ஷூவைக் கொண்டுவந்து ஜன்னல் திண்டில் வைத்துப் படம் எடுத்ததைப் பார்த்தேன். எனக்கு மனசு பொறுக்கவில்லை. அது பொய்ப் படம். கயிறு கட்டித் தடுத்த இடத்தையும் தாண்டாதீர்கள்; அந்தப் பலகைகள் ஆள் பாரம் தாங்காது.

மூன்றாம் நாள் மாலை எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி பேரனோடு வந்திருந்தார். தான் பிறந்த வீடு என்று ஒரு வாசலைக் காட்டி, தன் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னார். நான் உதிர்ந்த சுவரும் தெரியட்டும் என்று பின்னால் நகர்ந்தேன். அவர் தலையை ஆட்டி, கிட்டே வரச் சொல்லி, வாசற்படியைத் தட்டிக் காட்டினார். படியில் உட்கார்ந்து முழங்கால் மேல் கை வைத்துக்கொண்டார். சுவர் இல்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பரில் வெடியுப்பு வாரம் என்று ஒரு விழா நடக்கும். பழைய குடும்பங்கள் அப்போது நிறைய வரும். முடிந்தால் அந்த நாட்களில் போங்கள். இக்கிக்கேயில் அறையை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.