மொட்டை மாடியில கெடந்த கயாக்கை வாங்கலாமுங்களா?

கேள்வி: வணக்கமுங்க அண்ணா. நான் கோபி பக்கம். கோயமுத்தூர்ல ஒருத்தரு 10 அடி பிளாஸ்டிக் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டற சின்னப் படகு) ஒண்ணை 14,000 ரூபாய்க்குத் தர்றேங்கறாரு. ஒரு ஆளு போறது, உள்ளாற கால் நீட்டி உக்கார்ற மாடல், துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் சேத்துத்தான் அந்த வெலை. 3 வருசமா மொட்டை மாடியில கெடந்துச்சாம், சிவப்புக் கலர் கொஞ்சம் வெளுத்துருக்குது. ஸ்டிக்கர்ல தாங்கற எடை 120 கிலோன்னு போட்டிருக்குது. நான் 92 கிலோ, எங்க வீட்ல 58. ரெண்டு பேரும் இதுக்குப் புதுசு, நீச்சல் தெரியும். மாத்தி மாத்தி ஓட்டலாம்னு ஆசை. வாங்கலாமுங்களா?

பதில்: தம்பி, நீங்க எழுதுனதுல எனக்கு வெசனமா இருக்கறது வெலை இல்லீங்க, அந்த மொட்டை மாடிதான். இந்த மாதிரி கயாக்கெல்லாம் நம்ம வீட்டு மேல இருக்கற தண்ணி டேங்க் மாதிரியே பாலிஎத்திலீன்ல வார்த்தது, ஆனா கருப்பு டேங்க் வெயிலைத் தாங்கறதுக்குக் காரணம் அதுல கலந்திருக்கற கரி, சிவப்பு மஞ்சள் கயாக்குக்கு அந்தக் காவல் கெடையாது, வருசக்கணக்கா வெயில்ல காஞ்சா பிளாஸ்டிக் மொறுமொறுன்னு ஆயிரும். கலர் வெளுத்ததை மட்டும் வெச்சு வேண்டாம்னு சொல்லீர மாட்டேன். வெயில் பட்ட பக்கத்தை வெரல்ல தேச்சுப் பாருங்க, சுண்ணாம்பாட்டம் மாவு ஒட்டுதா, தலைமுடி மாதிரி மெல்லிசா கீறல் ஓடியிருக்குதான்னு. கட்டை வெரல்ல அழுத்துனா உள்ள போயிட்டுத் திரும்ப எந்திரிச்சு வரோணும். அழுத்தறப்ப நெறுநெறுங்குற சத்தம் வந்தா விட்டுருங்க.

அடியில குழி விழுந்திருந்தா பயப்பட வேண்டாமுங்க, செங்கல்லு மேல வெச்சிருந்தா அப்படி ஆகும், சுடுதண்ணி ஊத்தி உள்ளிருந்து தள்ளுனா பெரும்பாலும் சரியாயிரும். விரிசல் வேற. சீட்டு போல்ட் ஓட்டையைச் சுத்தி, குதிகால் வெக்கற எடம், அப்பறம் தரையில இழுத்து இழுத்து தேயற பின்முனை, இந்த மூணையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. எங்காச்சும் பசை வெச்சுப் பூசியிருந்தா சுரண்டிப் பாருங்க, ஏன்னா ஹார்டுவேர் கடை எபாக்சி பாலிஎத்திலீன்ல நிக்காது. நான் மொதல்ல வாங்குனது அப்படித்தான், சீட்டுக்கடியில நீட்டா பூசி மேல பெயிண்டும் அடிச்சிருந்தாங்க, குளத்து நடுவுல போனப்ப அது உரிஞ்சு வந்து, தண்ணி ஏறி, நீந்திக்கிட்டே படகை இழுத்துட்டு வந்தேன், அன்னிக்கு வீட்ல கொழந்தை அழுத அழுகை இன்னும் கண்ணுல நிக்குது. விரிசலுக்கு பிளாஸ்டிக் வெல்டிங்தான் வழி. கார் பம்பர் ஒட்டறவங்ககிட்டக் குடுத்தா பாலிஎத்திலீன் குச்சிதானான்னு கேட்டுக்குங்க, பம்பருக்குப் போடறது வேற ரகம், இதுல புடிக்காது.

பொறவு தண்ணி டெஸ்ட். ரெண்டு சாக்கு மேல படகை வெச்சு வெளிப்பக்கம் நல்லா தொடைச்சுட்டு, உள்ள 4 குடம் தண்ணி ஊத்தி, முன்ன பின்ன சாச்சு, அரை மணி நேரம் விடுங்க, அடியில பேப்பரை ஓட்டிப் பாத்தா கசிவு தெரிஞ்சு போகும். விக்கறவரு இதுக்கு ஒத்துக்கலீன்னா வேண்டாமுங்க.

எடை விசயத்துல ஒளிவு மறைவு இல்லாம சொல்லீர்றேன். ஸ்டிக்கர்ல இருக்கற கணக்குல 70 சதவீதந்தான் நெதானமா மெதக்கற அளவு, 120க்கு அது 84 கிலோ. அம்மணிக்கு இந்தப் படகு அழகாப் பொருந்தும், உங்களுக்கு 92ல, தண்ணி பாட்டில் பையோட, பத்தாதுங்க. மெதக்கும், ஆனா தண்ணிக்கு ரொம்பக் கீழ உக்காந்து, சின்ன அலைக்கே தண்ணி உள்ள வரும். ரெண்டு பேரும் ஓட்டோணும்னா 140, 150 போட்ட படகா, மேல உக்கார்ற மாடலா தேடுங்க. அதுல உள்ள தண்ணி தேங்காது, ஓட்டை வழியா தானா வடிஞ்சுரும், கவுந்தா திரும்ப ஏறிக்கறதும் சுலபம்.

அம்மணிக்காக இதையே வாங்கறதா இருந்தா மூக்குப் பக்கம் உள்ளாற, தண்ணி போகாம காத்தை அடைச்சு வெக்கற தடுப்புச் சுவர் இருக்குதான்னு பாருங்க. மலிவான படகுகள்ல பின்னால மட்டுந்தான் இருக்கும், பலதுல அதுவும் இருக்காது. தடுப்பில்லாத படகு கவுந்தா 200 லிட்டருக்கு மேல குடிச்சுரும், அத்தனை கிலோவை யாரு கரைக்கு இழுக்கறது? தடுப்பு இல்லீன்னா காத்தடைச்ச பையை முன்னயும் பின்னயும் திணிச்சு, நழுவாம கட்டீருங்க.

துடுப்பு 220லயிருந்து 240 சென்டிமீட்டர் இருந்தாப் போதும். அந்த லைஃப் ஜாக்கெட்டை மட்டும் நம்பாதீங்க, வெயில்ல கெடந்த துணியும் நூலும் இத்துப் போயிருக்கும், ஆளுக்கொண்ணு புதுசா வாங்குங்க.

கீழ்பவானி வாய்க்கால் பக்கத்துல இருக்குதேன்னு அங்க எறக்கீராதீங்க தம்பி, இழுப்பும் அதிகம், கரையில சிமெண்ட் போட்ட எடத்துல புடிச்சு ஏறவும் வழி கெடைக்காது. பவானிசாகர், அமராவதி அணையில அனுமதியும் வேணும், முதலையும் இருக்குதுங்க. ஊர்ல கேட்டுக்கிட்டு, இடுப்பளவு தண்ணி நிக்கற குளமாப் பாத்து, மொத நாளே வேணும்னே நாலு தடவை கவுந்து, படகுலிருந்து வெளிய வந்து பழகுங்க, ஒருத்தர் உள்ள இருக்கறப்ப இன்னொருத்தர் பக்கத்துல நின்னுக்கோணும்.