ஒரு வகுப்பறை, 150 ஓவியங்கள்: எதை மாட்டுவது?

கேள்வி: பர்கூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். ஆண்டு விழாவின்போது இரண்டு நாள் ஓவியக் கண்காட்சி வைக்க ஹெச்.எம். ஒரு வகுப்பறை தருகிறார். 150 படங்களுக்கு மேல் இருக்கின்றன. பாதி, காலண்டரையும் செல்போனையும் பார்த்து வரைந்தவை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கையில் பணமும் அதிகமில்லை. எப்படிச் செய்யலாம்?

பதில்: முதலில் சுவரை அளந்து பாருங்கள். உங்கள் அறை 20-க்கு 20 அடி என்று வைத்துக்கொண்டால், கதவு, ஜன்னல், கரும்பலகை, பீரோ எல்லாம் போக 40 அடி சுவர் மிஞ்சினாலே பெரிது. ஏ3 தாளைப் படுக்கைவாட்டில் வைத்தால் அகலம் 42 செ.மீ. பக்கத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டால் படத்துக்கு இரண்டடி. ஒரு வரிசைக்கு 20 படம், இரண்டு வரிசைக்கு 40. அதற்குமேல் மாட்டினால் வருகிறவர்கள் எதன் முன்னும் நிற்க மாட்டார்கள்.

சரி, மீதி 110? "எம்புள்ள படம் எங்க?" என்று கேட்டு ஓர் அம்மா வருவார், சந்தேகமே வேண்டாம். அவற்றை வகுப்புவாரியாக ஃபைலில் போட்டு, முன்பக்கம் பெயர்ப்பட்டியல் ஒட்டி, நடுவில் மேசைமேல் வையுங்கள்.

தேர்வில் நான் கொஞ்சம் கறார். நேரில் பார்த்து வரைந்தவைக்குத்தான் சுவர். ஷேடிங் பளபளக்கும் காலண்டர் நகலைச் சிறப்பு விருந்தினர் மெச்சுவார், உண்மைதான். ஆனாலும் வீட்டு மாட்டையோ மாங்காய் மண்டியையோ பார்த்து ஒரு பிள்ளை போட்ட கோணல் கோட்டில்தான் அந்தப் பிள்ளையின் கண் தெரியும்.

நகல் எடுத்தவர்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். விழாவுக்கு நாளிருந்தால் அவர்களை மல்லப்பாடிக்கு அழைத்துப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். தமிழ்நாட்டில் முதலில் தெரியவந்த பாறை ஓவியங்களில் அதுவும் ஒன்று. வெள்ளை நிறம் மட்டும், குதிரைமேல் சண்டையிடும் உருவங்கள். கண், மூக்கு எதுவும் கிடையாது. உடம்பு சாயும் விதத்திலேயே சண்டை புரிந்துவிடும். திரும்பி வந்ததும் கறுப்பு சார்ட்டில் வெள்ளை போஸ்டர் கலரால், கபடியோ எருது விடும் விழாவோ, தாங்கள் கண்ட ஒன்றை அதே முறையில் வரையச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: பளிச்சென்று தெரியட்டும் என்று பாறையில் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது, தொடவும் கூடாது. அங்கே போக முடியாவிட்டால் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு பென்சிலோடு உட்கார வைக்கலாம்.

மாட்டுவதற்கு ஜன்னல் கம்பிகளுக்கிடையே நைலான் கயிற்றை விறைப்பாகக் கட்டி, படத்துக்கு இரண்டு கிளிப் போட்டால் போதும். ஃபேன் காற்றில் தாள் படபடக்கும் என்பதால் கீழேயும் ஒரு கயிறு வேண்டும். படத்தைவிடச் சுற்றிலும் 5 செ.மீ. பெரிய சார்ட்டை வெட்டிப் பின்னால் கொடுங்கள். பின்பக்கம் முழுக்கப் பசை தடவினால் தாள் சுருங்கும். மேல் இரண்டு மூலையில் மட்டும் ஒரு பொட்டு. எல்லாச் சார்ட்டும் ஒரே நிறமாக இருக்கட்டும். ஜிகினாத் தாள் வேண்டவே வேண்டாம்.

கண்காட்சிக் கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுவது வழக்கம். பார்க்கப்போவது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும்தான் என்பதால் நீங்கள் 130-க்கு இறக்கலாம். இரண்டு வரிசை என்றால் அந்த உயரம் இரண்டுக்கும் நடுவே வரட்டும்.

பெயர், வகுப்பு, எதைக்கொண்டு வரைந்தது, எங்கே பார்த்தது என்று பிள்ளையே தன் கையால் எழுதிய சீட்டு ஒவ்வொரு படத்துக்கும் வலப்பக்கம் கீழே வேண்டும். அதை நீங்கள் திருத்தாதீர்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

இரண்டாம் நாள் மாலையே எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஸ்கெட்ச் பேனா நிறம் ஜன்னல் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். ஆயில் பேஸ்டல் படங்களுக்கிடையே வெள்ளைத் தாள் வைத்து அடுக்கினால் ஒன்றின் நிறம் இன்னொன்றில் ஒட்டாது.