அண்ணன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த ரேடியோவில், மத்திய அலையில் (AM) சென்னை நிலையம் 720 கிலோஹெர்ட்ஸில் தெளிவு, திருச்சி 936 மட்டும் கரகரப்பு?

ரேடியோ கெட்டுப்போகவில்லை. ட்யூனிங் படி, அதாவது ஒவ்வொரு முறையும் எண் தாவும் அளவு, 10 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது. அதை 9க்கு மாற்றுங்கள்.

அமெரிக்க செட் என்பதுதான் காரணம். அங்கே மத்திய அலை நிலையங்கள் பத்துப் பத்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும். இந்தியா, இலங்கை உட்பட ஆசியாவில் ஒன்பது ஒன்பதாக. 720 இரண்டு கணக்கிலும் வந்துவிடுவதால் சென்னை சுத்தமாகக் கேட்கிறது. 936ஐ உங்கள் செட்டால் தொட முடியாது. 940இல் நின்று ஓரமாகத்தான் கேட்கிறீர்கள். தூத்துக்குடி 1053க்கும் இதே கதி. (எண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 9இன் மடங்கு வரும். நான் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.)

சோதிக்க:
1. அலைவரிசையை மேல் கோடிக்கு ஓட்டுங்கள். 1710 வரை போனால் அமெரிக்க அமைப்பு.
2. பின்புறம் அல்லது பேட்டரி மூடிக்குள் 9/10 சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கையேட்டில் தேடுங்கள். சில செட்களில் அணைத்த நிலையில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

மாற்றினால் சேமித்த நிலையங்கள் அழிந்துபோகலாம், முதலில் குறித்து வையுங்கள்.

அப்புறமும் தொலைதூர நிலையம் பகலில் வராது. பொழுது சாய்ந்ததும் எல்இடி பல்பு, சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, செட்டையே மெல்லத் திருப்பிப் பாருங்கள். மத்திய அலைக்கு ஆன்டெனா உள்ளே இருக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) தண்டுதான், அது திரும்பும் திசையைப் பொறுத்து ஒலி மாறும். வெளியே நீட்டும் கம்பிக்கு இதில் வேலையில்லை.