கேள்வி பதில்: மிசௌரி விவசாயியின் அப்பா யார்?

கேள்வி: என் மருமகள் அமெரிக்காக்காரி. அவளுடைய முன்னோர் ஒருவர் 1835 வாக்கில் கென்டக்கியில் பிறந்து, மிசௌரியில் விவசாயம் பார்த்து, 1898-ல் இறந்தவர். கல்லறைக் கல்லில் இருப்பது இவ்வளவுதான். இணையத்தில் மூன்று வம்சாவளிகள் கிடைத்தன, மூன்றிலும் அவருக்கு வேறு வேறு அப்பா. எதை நம்புவது?

பதில்: இப்போதைக்கு மூன்றையுமே ஒதுக்கி வையுங்கள். யாரோ அவசரத்தில் ஒட்டவைத்த அப்பாவைப் பத்துப் பேர் பார்த்து எழுதிவிட்டால் அதுவே உண்மை மாதிரி ஆகிவிடும். பிறப்புச் சான்றிதழையும் தேட வேண்டாம், 1835-ல் கென்டக்கியில் பிறப்பைப் பதியும் ஏற்பாடே கிடையாது.

1880 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1890 தாள்களில் பெரும்பகுதி 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தோடு போய்விட்டதால், அவரைப் பார்க்க முடிகிற கடைசிக் கணக்கு அநேகமாக 1880-தான். அதில் ஒவ்வொருவருக்கும் அப்பா பிறந்த மாநிலம், அம்மா பிறந்த மாநிலம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அங்கே விர்ஜினியா என்று இருந்து, வம்சாவளி காட்டும் அப்பா டென்னசியில் பிறந்தவர் என்றால் சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான், ஏனென்றால் கணக்கெடுக்க வந்தவரிடம் விவரம் சொன்னது பக்கத்து வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம்.

அப்புறம் 1850. அதற்கு முந்தைய கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்கள். 1850-ல்தான் வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் வருகிறது (அடிமைகளுக்கு அப்போதும் பெயர் எழுதவில்லை). பதினைந்து வயதுப் பையனாக ஏதோ ஒரு வீட்டில் அகப்படுவார். ஆனால் உறவுமுறைக்கு அதில் கட்டம் இல்லை. மகனா, தம்பி மகனா, பண்ணை வேலைக்கு நின்ற பையனா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தாத்தா பெயரையே வைத்த பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே வயதில் இருப்பார்கள், அந்தக் குழப்பம் வேறு.

நிறையப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பதில் கிடைக்கிற இடம் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்து நிலப்பத்திரங்கள்தான். உயில் எழுதாமல் அப்பா இறந்தால் நிலம் பிள்ளைகளுக்குப் போகும், மற்றவர்கள் தங்கள் பங்கை ஒரு சகோதரனுக்கு எழுதிக் கொடுப்பார்கள். அந்த ஒரு பத்திரத்திலேயே 'இன்னாரின் வாரிசுகள்' என்று அண்ணன் தம்பி, கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்கள் கணவன்மார் என எல்லோர் பெயரும் வரிசையாக வந்துவிடும். ஒன்று, கவுண்டிகளைப் பிரித்துக்கொண்டே இருந்தார்கள். குடும்பம் இடம் மாறாமலே பத்திரம் பழைய கவுண்டியில் கிடக்கும், அங்கேயும் பாருங்கள்.

1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில், அதாவது மத்திய அரசின் பக்கம், இருந்தாரா என்றும் விசாரியுங்கள். இருந்து, மனைவி விதவைப் பென்ஷன் கேட்டிருந்தால், கல்யாணம் நடந்ததை நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும். அதற்காகக் குடும்ப பைபிளில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எழுதிய பக்கத்தையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. அந்தப் பக்கங்கள் இன்றும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில், பென்ஷன் கோப்புகளுக்குள் இருக்கின்றன.