கேள்வி பதில்: ஏஎஸ்/400-க்கு ஏன் இந்தப் 'பழசு' முத்திரை?

கேள்வி: எங்கள் கணக்கு, சரக்கிருப்பு எல்லாம் ஐபிஎம்மின் வணிகக் கணினியான ஏஎஸ்/400-இல்தான் ஓடுகிறது. புதிதாக வந்த நிதி அதிகாரி 'அரதப் பழசு, தூக்கிவிடலாம்' என்கிறார். இந்தக் கெட்ட பெயர் எப்படி வந்தது?

பதில்: பழியில் பெரும்பங்கு, அதை விற்ற ஐபிஎம்மையே சேரும். 1988 ஜூனில் அறிமுகமான ஏஎஸ்/400 சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்த பெயராகிவிட்டது. 2000-இல் அதை ஐசீரிஸ் ஆக்கினார்கள், 2004-இல் ஐ5, 2006-இல் சிஸ்டம் ஐ. 2008-இல் தனி வரிசை என்பதே போய், யூனிக்ஸ் ஓடும் சர்வர்களோடு சேர்த்து பவர் சிஸ்டம்ஸ் என்றார்கள். இயங்குதளத்துக்கு மிஞ்சிய பெயர் ஐபிஎம் ஐ. ஒற்றை எழுத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள், கஷ்டம் புரியும். புதுப் பெயர் ஒன்றையும் ஊன்றி விளம்பரப்படுத்தவில்லை. அதனால் வேலை விளம்பரங்களில்கூட இன்னும் ஏஎஸ்/400 என்றே போடுகிறார்கள். படிப்பவர் மனதில் 1988-இன் பெட்டிதான் வருகிறது. உங்கள் அதிகாரியிடம் 7.5 பதிப்பு 2022-இலும் 7.6 பதிப்பு 2025-இலும் வந்ததைச் சொல்லுங்கள். கறுப்பில் பச்சை எழுத்து ஓடும் அந்தப் பழைய திரையின் நிறத்தை வைத்து இயந்திரத்தை எடைபோட வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: விண்டோஸ் சர்வருக்கு மாற எவ்வளவு செலவாகும்?

பதில்: உங்கள் நிரல்களைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பாதீர்கள்.

கேள்வி: சரக்கு நன்றாக இருந்தால் விளம்பரம் எதற்கு?

பதில்: 1995-இல் இந்த இயந்திரம் 48 பிட் செயலியிலிருந்து 64 பிட் பவர்பிசி செயலிக்கு மாறியது. நிரல்கள் நேராகச் செயலிக்காக எழுதப்பட்டவை அல்ல. நடுவில் ஓர் அடுக்கு உண்டு. அந்த அடுக்குக்கான இடைவடிவத்தை நீக்காமல் வைத்திருந்த நிரல்களைக் கணினியே புதுச் செயலிக்கு மொழிமாற்றிக்கொண்டது. மூல நிரல் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. திங்கட்கிழமை ஊழியர்கள் அதே திரையில் அதே வேலையைத் தொடரலாம். மற்ற தளங்களில் இது பல மாத வேலை. ஆனால் வெளியில் யாருக்குத் தெரியும்? தகராறு செய்யாத இயந்திரத்தைப் பற்றி நிர்வாகக் கூட்டத்தில் பேச்சே எழாது. விற்றவரும் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

கேள்வி: எல்லாப் பழியையும் ஐபிஎம் மேல் போடுகிறீர்கள். ஆர்பிஜி என்ற மொழியில் எழுதிய நிரல்களைக் காலங்காலமாகத் தொடாமல் வைத்தது நாம்தானே?

பதில்: பாதி சரி. 2015-இலிருந்து வரியில் எதை எந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்ற விதியே இல்லாமல் ஆர்பிஜி எழுதலாம். பலர் இன்னும் பழைய பத்திக் கணக்கில்தான் எழுதுகிறார்கள். ஆனால் புதுப்பிக்கப் பணம் கேட்டபோது நிர்வாகம் ஏன் மறுத்தது? 'எப்படியும் போகப் போகிறது' என்று நம்பியதால். அந்த எண்ணத்தை மாற்ற ஐபிஎம் போதிய முயற்சி எடுக்கவில்லை.

கேள்வி (அவரே): திரையையாவது மாற்றியிருக்கலாமே?

பதில்: மாற்றியிருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 1990களின் பிற்பகுதியில் பச்சைத் திரை வேலைக்கென்று தனிச் செயலித் திறனை அதிக விலைக்கு விற்றார்கள். வலைத் திரைக்கு மாறுவார்கள் என்று கணக்கு. விசுவாசமான வாடிக்கையாளர்தான் அடிபட்டார், 'விலை அதிகம்' என்ற பெயரும் சேர்ந்தது. விலையும் விளம்பரம்தான் ஐயா. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கேள்வி: ஏஎஸ்/400 செத்துவிட்டதா?

பதில்: இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பச்சைத் திரையை இன்னுமா வைத்திருக்கிறார்கள்?

பதில்: மறுபடியும் நிறமா! அந்தத் திரைக்குப் பின்னாலுள்ள அதே ஆர்பிஜி நிரலை ஒரு கைப்பேசிச் செயலி வலைச் சேவை வழியாக அழைக்க முடியும். பைத்தான், நோட் ஜேஎஸ் இரண்டும் அங்கேயே ஓடும்.

கேள்வி: கல்லூரி முடிக்கிறேன். இதைக் கற்கலாமா?

பதில்: கற்கலாம். அனுபவஸ்தர்கள் ஓய்வு பெற்று வருகிறார்கள், அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். முதலில் தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் கற்றுக்கொள்ளுங்கள்; டிபி2 என்ற தரவுத்தளம் இந்த இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கிறது. அப்புறம் பத்தியில்லா ஆர்பிஜி. விஷுவல் ஸ்டுடியோ கோடு என்ற நிரல் எழுதும் மென்பொருளில் இதற்கான இலவச நீட்சி உண்டு. பழகிப் பார்க்க பப்400 என்ற இலவசப் பொது சர்வரில் கணக்குத் தொடங்குங்கள்.